எல்லோரும் ஒப்புக்கொண்ட உருண்டை

எங்கள் அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாளோ அவரேதான் கேக் வாங்கி வரவேண்டும். ஆலங்கட்டியின் வடிவத்தை முடிவு செய்த அன்று எனக்குப் பிறந்தநாள். நான் கொண்டுபோன ஆப்பிள் கேக்கை யாரும் குறை சொல்லவில்லை. கூட்டத்தில் எல்லோரும் நல்ல மனநிலையில்தான் இருந்தோம் என்பதையும் உங்கள் விசாரணைக் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எவர்ட். பசுமைக்குடில் கண்ணாடிகளைச் சோதிக்கும் கூடத்துக்குப் பொறுப்பாளன். பனிக்கட்டியைக் காற்றுத் துப்பாக்கியில் வைத்துச் சுடுவோம். கண்ணாடி தாங்கினால் சான்றிதழ், அவ்வளவுதான் வேலை. என்ன வடிவப் பனிக்கட்டி என்பதை ஏழு பேர் கொண்ட குழு முடிவு செய்தது. தலைவர் நான். ஒருவர் முட்டை வடிவம் என்றார், இன்னொருவர் தட்டை என்றார். வானிலை படித்த ஒருவர், பெரிய ஆலங்கட்டிகளுக்குக் கூர்முனைகள் இருப்பதுண்டு என்று படங்கள் காட்டினார். மரியாதையாகப் பார்த்தோம். ஒருவர் முகம் சுளித்தாலும் எங்கள் நாட்டில் எதுவும் முடிவாகாது. மூன்று மணி நேரம் கழித்து யாருக்கும் ஆட்சேபணை இல்லாத வடிவம் ஒன்றுதான் மிஞ்சியது. உருண்டை. படம் காட்டியவருக்கு இரண்டாவது துண்டு கேக் கொடுத்தேன். இரண்டாவது துண்டை நாங்கள் சும்மா யாருக்கும் கொடுப்பதில்லை.

மார்ச் மாதம் புதிய கண்ணாடி ஒன்று சோதனைக்கு வந்தது. மெல்லியது, வெளிச்சத்தைத் தாராளமாக விடக்கூடியது. ஆலங்கட்டி விழும்போதும் அதனடியில் நின்று வேலை பார்க்கலாம் என்பது விளம்பரம். பத்து உருண்டைகளைச் சுட்டோம், கீறல்கூட இல்லை. மதியம் நான் பாலாடைக்கட்டி ரொட்டியும் மோருமாக உட்கார்ந்திருந்தபோது கூடத்திலிருந்து சத்தம் கேட்டது. துப்பாக்கியை இயக்கும் கோரின், யாரும் கேட்காமலே, அதே எடையில் முனை கூரான கட்டி ஒன்றைச் செய்து சுட்டிருந்தாள். பாதி வேகத்திலேயே கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டிக் கிடந்தது.

"உருண்டைன்னா அடி பரவிப் போயிடுது, எவர்ட். கூரா இருந்தா அத்தனையும் ஒரே புள்ளியில இறங்குது. சான்றிதழ்ல ஒரு வரி போடுங்க."

கூர்முனை விதியில் இல்லை என்றேன்.

"வானத்துலேருந்து விழறது உங்க கமிட்டியக் கேட்டுட்டா விழுது?"

அவளுக்கு வாய் நீளம். ஆனால் வேலை தெரிந்தவள், அதை மறுக்கமாட்டேன். டி லீர் என்ற ஊரில் பசுமைக்குடிலில் தக்காளி வளர்க்கும் தன் அண்ணன் ரீனுஸ் இந்தக் கண்ணாடியைத்தான் போடப்போகிறான் என்றும் சொன்னாள். எனவே விஷயம் எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. அவள் எழுதிவைத்த வரியை அடித்து நீக்கினேன். சான்றிதழ் ஒரே பக்கத்தில் அழகாக அடங்கியது.

ஒரு வாரம் கழித்து ரீனுஸே தொலைபேசியில் அழைத்தான். "தங்கச்சி என்னமோ பயமுறுத்திக்கிட்டே இருக்கா. நீங்க சொல்லுங்க, போடலாமா?" என்றான். விதிப்படி பத்துக்குப் பத்து என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவன் நன்றி சொல்லி வைத்தான்.

ஜூனில் ஒரு பிற்பகலில் ஆலங்கட்டி கொட்டியது. பக்கத்துக் குடில்களில் ஆட்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். ரீனுஸ் ஓடவில்லை. கூரைவரை ஏறிய கொடிகளில் மூன்று மீட்டர் உயர வண்டிமேல் நின்று தக்காளி பறித்துக்கொண்டிருந்தான். கூரை மொத்தமாக அவன்மேல் இறங்கியது. சிமென்ட் தரையில் தலை மோதியதாகச் சொன்னார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் துக்கம் கேட்கப் போனேன். கோரின் என்னைப் பார்த்ததும் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். ரீனுஸின் மனைவி அனமீக் காபி கொடுத்தாள். எங்கள் ஊரில் பெரிய ஆலங்கட்டி விழுந்தால் காப்பீட்டுக்காரரிடம் காட்ட ஒன்றை எடுத்துக் குளிர்பெட்டியில் வைப்பது வழக்கம். அவளும் வைத்திருந்தாள், பட்டாணிப் பைக்குப் பக்கத்தில்.

"அவர் பக்கத்துலதான் கெடந்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சவர் நீங்க. விசாரிக்க வர்றவங்ககிட்ட நீங்களே குடுத்துடுங்க" என்றாள்.

கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி, அவள் பையில் போட்டுத் தந்ததை வாங்கிக்கொண்டேன்.

கால்வாய் ஓரம் காரை நிறுத்திப் பையைத் திறந்தேன். பெரிய கட்டி. நான்கு புறமும் விரல்நுனி நீளத்துக்குக் கூர்முனைகள். இப்படி ஒன்றை விசாரணை மேஜையில் வைத்தால் ஏழு பேரும் மறுபடி கூடி முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும். அதை வெறும் உள்ளங்கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தேன். வலி பொறுக்க முடியவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. முனைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து சட்டைக்கைக்குள் வழிந்தன.

உங்களிடம் நான் ஒப்படைத்தபோது அது உருண்டையாகத்தான் இருந்தது. அளந்து பாருங்கள், விதியிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட விலகியிருக்காது. இந்த விவகாரத்தில் நான் எந்த இடத்திலும் பொய் சொல்லவில்லை.