இன்ஜின் ஆறியிருந்தது

பழைய வண்டி வாங்கப் போனால் முதலில் இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும் மேடம். சூடாக இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுவது நல்லது. ஆள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிய இன்ஜின்தான் உள்ளதைச் சொல்லும். புகை, செயின் சத்தம், கிளம்ப மறுக்கும் சோம்பல், எல்லாம் முதல் ஸ்டார்ட்டில் தெரிந்துவிடும். திருவண்ணாமலையில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். சக்கரவர்த்தி மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்ன வண்டியை யாரும் இன்னொருவரிடம் கொண்டுபோய்க் காட்ட மாட்டார்கள்.

குமரேசனும் காட்டவில்லை. என் தங்கச்சி கவியாவின் புருஷன். தங்கமான பிள்ளை, அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டதால் கவியா வீட்டை விட்டு நகர முடியாது என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவரும் சரி என்று எங்கள் வீட்டிலேயே வந்து இருந்தார். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்த பிறகுதான் பேச்சு மாறியது.

அவருக்கு முன்னால் கவியாவுக்கு வந்த வரன்களை எல்லாம் நானே போய் விசாரித்தேன். ஒருவனுக்குக் குடி, ஒருவனுக்கு முன்கோபம், ஒருவனுடைய அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. வண்டியில் குறை கண்டுபிடிக்கிறவனுக்கு மாப்பிள்ளையில் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. குமரேசனிடம் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. தவிர, அவரைக் கவியாவே பிடிவாதமாக நின்று கட்டிக்கொண்டாள்.

எங்கள் வீடு ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வீடு. விடிந்ததும் கவியா அப்பாவுக்கு உடம்பு துடைத்துத் துணி மாற்றிவிட்டு எனக்கு டிபன் எடுத்து வைப்பாள். என் சட்டையில் படிந்த கிரீஸ் கறை அவள் கைக்குத்தான் போகும். கருவாட்டுக் குழம்பு வைத்தால் நான் வரும்வரை யாருக்கும் பரிமாற மாட்டாள். இவ்வளவையும் விட்டுவிட்டு ஓசூருக்குப் போகிறேன் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் நான் எனக்காகக் கவலைப்படவில்லை, அப்பாவை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். குமரேசனைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன்.

"மாமாவையும் நாங்களே கூட்டிட்டுப் போயிடறோம் மச்சான்," என்றார். "தரைத்தளத்துலதான் வீடு பார்த்திருக்கேன். உங்களுக்கும் பாரம் கம்மியாகும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அன்றைக்குப் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கடையைச் சாத்திவிட்டு வந்து நானே பூட்டைத் திறந்து, நானே லைட்டைப் போட்டு, யாரும் இல்லாத வீட்டில் உட்காருவதை நினைத்துப் பார்த்தேன். என்னைப் பற்றி அந்த மூன்று பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

அடுத்த வாரமே குமரேசன் வண்டி ஒன்று பார்த்துக் கொடுக்கச் சொன்னார். ஓசூரில் வேலைக்குப் போய்வர வேண்டுமாம். ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன் என்றேன். வேங்கிக்காலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மொஹ்சினின் வண்டி.

வெள்ளிக்கிழமை மதியமாகப் பார்த்து அழைத்துப் போனேன். மொஹ்சின் தொழுகைக்குப் போயிருந்தான். அவன் மனைவி உஸ்மா சாவியை எடுத்துக் கொடுத்தாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே குமரேசன் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. ஒரே உதையில் கிளம்பியது, தையல் மெஷின் மாதிரி ஒரே சீரான சத்தம், புகை துளிகூட இல்லை. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சின்னப் பையன் போலச் சிரித்தார். அவர் இன்னொரு சுற்று போனபோது உஸ்மா வாசலில் நின்றபடி என்னிடம் கேட்டாள்.

"அவரு உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன்னாரு. சொன்னாரில்லண்ணே?"

"சொல்லிட்டான்மா," என்றேன்.

அவன் சொல்லியிருந்தது உண்மை. அந்த மாடலுக்கு ஒரு வியாதி உண்டு மேடம், மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரியும். ஆயில் பம்ப்பைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம் தேய்ந்துபோகும். பிறகு ஆயில் மேலே ஏறாது. ஆறியிருக்கும்போது எதுவும் காட்டிக்கொடுக்காது. நீண்ட தூரம் விடாமல் ஓட்டினால்தான் சூடு ஏறி இன்ஜின் அப்படியே பிடித்துக்கொள்ளும், பின்சக்கரமும் கூடவே நின்றுவிடும். மற்ற எல்லாக் குறைக்கும் ஆறிய இன்ஜினைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு குறைக்கு மட்டும் சூடான இன்ஜினைப் பார்க்க வேண்டும்.

மொஹ்சினின் வண்டிக்கு அந்த வியாதி இருப்பதைக் கண்டுபிடித்தவனே நான்தான். முந்தைய மாதம் என் கடைக்குத்தான் கொண்டுவந்தான். வேலை பார்க்காமல் அப்படியே விற்றுவிடப் போவதாகச் சொன்னான். வாங்குகிறவரிடம் ஒளிக்காமல் சொல்லி, பம்ப்பை மாற்றிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்றான். யோக்கியமான ஆள். குறையை மறைத்து விற்றான் என்று பிறகு ஊரே அவனைத் தூற்றியபோது நான் பேசாமல் இருந்தேன். ஊர் வாயை நான் எப்படி மூடுவது? நீங்கள் அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவனை அனுப்பிவிடுங்கள்.

சாமான்களை மினி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியில் கிளம்பினார்கள். வீட்டை ஒழுங்கு செய்துவிட்டு அடுத்த வாரம் கார் வைத்து வந்து அப்பாவை அழைத்துப் போவதாக ஏற்பாடு. டயரில் காற்று பார்த்தேன், செயினுக்கு ஆயில் விட்டேன், கவியா ஏறி உட்கார வசதியாகப் பின் ஃபுட்ரெஸ்ட்டை இறக்கிவிட்டேன். இன்ஜின் பிடிக்கிற நொடியில் கிளட்சைப் பிடித்தால் சக்கரம் விட்டுவிடும், வண்டி உருண்டு போய் ஓரமாக நிற்கும். அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். வெயில் ஏறுவதற்குள் நிற்காமல் போய்விடுங்கள் மாப்ள என்று மட்டும் சொன்னேன்.

செங்கம் தாண்டி நடந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் அழுத்தித்தான் பிரேக் போட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குமரேசன் அந்த இடத்திலேயே போய்விட்டார். கவியா ரோட்டோரம் மண்ணில் போய் விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு சரி.

ஆஸ்பத்திரியில் முதலில் நான் ஊட்டிய கஞ்சியைக் குடித்தாள். உஸ்மா பார்க்க வந்திருக்கிறாள். எங்க வீட்டுக்காரரு அண்ணன்கிட்ட எல்லாம் சொல்லியிருந்தாரே என்று அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் கொண்டுபோன கஞ்சியைக் கவியா தொடவில்லை. தோளில் கட்டோடு உங்களிடம் வந்திருக்கிறாள், அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு. இப்போது உங்கள் மேசை மேல் இருப்பது அதுதானே.

ஆமாம், நான் வாங்கிக் கொடுத்ததுதான். முந்தின நாள் ஹெல்மெட் கடைக்குப் போய், இருப்பதில் கெட்டியானதாகப் பார்த்து வாங்கினேன். ஒன்றுதான் வாங்கினேன். கிளம்பும்போது நானே அவளுக்கு மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையை இழுத்துக் கட்டி, ஆட்டிப் பார்த்தேன். குமரேசனின் பழைய ஹெல்மெட்டில் பட்டையின் கொக்கி உடைந்திருந்தது. பார்த்தேன், சொல்லவில்லை. தெரிந்து செய்தாயா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தெரிந்துதான் செய்தேன். என் தங்கச்சிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று அந்த ஹெல்மெட்டைப் பார்த்தாலே அவளுக்குப் புரிய வேண்டும். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டாள்.

அப்பாவை அழைத்துக்கொண்டு அடி அண்ணாமலையில் அவள் மாமியார் தங்கம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாளாம். இருக்கட்டும். அண்ணன் தங்கச்சிக்குள் கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்? வீட்டுச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன், அவளிடம் சொல்லிவிடுங்கள். வராமல் இருக்க மாட்டாள் மேடம். அவளுக்கு இனி போக வேறு இடம் ஏது?