அலுங்கான்

— எனக்குச் சரியா ஞாபகம் இல்லலே, தம்பி கடற்கரை. அன்னைக்கு வெயிலா சாரலான்னு கேட்டாக்கூட முழிப்பேன்.

— வெயிலும் வேண்டாம், சாரலும் வேண்டாம் அக்கா. கிளப்புப் போட்டியில முதல் பந்தை அடிச்சுட்டுத் திரும்புதேன், அம்மை நாற்காலியில இல்ல. ஏன் எந்திச்சுப் போனா? அதைச் சொல்லு.

— தலை சுத்துச்சுன்னு சொன்னாளே.

— ஒரு வருசமா ரெண்டு பேரும் அதையேதான் சொல்லுதிய.

— மெதுவாப் பேசு. பொம்பளைய குளிக்க இடம். அருவிச் சத்தத்தையும் மீறில்லா கத்துத.

— அம்மை குளிச்சு வரட்டும்னுதான் நிக்கேன். மத்தியானம் தென்காசியில ரயிலு. மலைக்கு அங்கிட்டு, தேயிலைத் தோட்டத்து கிளப்புல வெள்ளைக்காரன் எனக்குன்னு வீடு குடுத்திருக்கான். வாசல்லயே தண்ணிக் குழாய். இவ என்னடான்னா மேலகரத்தை விட்டு நகர மாட்டேங்கா.

— மேலகரத்துல நான் இருக்கேம்லா.

— அப்பம் நான் யாரு? சரி, உனக்காச்சும் என் வேலை என்னன்னு புரியுதா?

— புரியாம என்ன? மடங்குன கம்பை வச்சுப் புல்லுல கெடக்க பந்தை அடிக்க. அதுக்குச் சம்பளம் குடுக்கான். எங்க வீட்டுக்காரரு இன்னும் நம்பல.

— அவரு நம்பாண்டாம். அதுக்குப் பேரு கோல்ஃப்னாச்சும் சொல்லி வை. அன்னைக்கு எங்கெங்க இருந்தெல்லாம் ஆட்டக்காரன் வந்திருந்தான். ஒரு பந்தை அடிக்கதுக்குள்ள ஒவ்வொருத்தனும் பல்லைக் கடிக்கான், மூஞ்சி செவக்கான். எனக்கு மூச்சுகூட வாங்காது. உடம்பு அலுங்காம அடிக்கேன்னுதான் பை தூக்குதவங்க 'அலுங்கான்'னு பேரு வச்சாங்க. இப்பம் துரைமாருக்கும் அதான் வாயில வருது.

— குடையைக் கம்பு மாதிரி ஆட்டாதலே.

— எவன் சொல்லிக் குடுத்தான்னு எல்லாவனும் கேக்கான். யாரும் சொல்லிக் குடுக்கல. கம்பைத் தொட்ட அன்னைக்கே இந்த வீச்சு வந்துட்டு. அப்பேர்ப்பட்ட ஆட்டத்தை என்னைப் பெத்தவ ஒரு அடிக்கு மேல பாக்கல. அந்த வெறும் நாற்காலியைப் பாத்துப் பாத்தே தோத்தேன் அக்கா.

— குடையை ஆட்டாதன்னு சொல்லுதேம்லா.

— பழக்கம். கை சும்மா இருக்க மாட்டேங்கு. நான் துரைமாருக்குக் குனிஞ்சு நிக்கது அவளுக்குக் கேவலமா இருக்கா? இல்ல, நானே வேண்டாமா? சொல்லித் தொலையேன்.

— ரயிலுக்கு நேரமாகலையாலே?

— பாத்தியா, பேச்சை மாத்துத. ரெண்டு பேரும் இப்படித்தான். நம்மளப் பெத்த அய்யா மட்டும் இருந்திருந்தா கடைசிப் பந்து வரைக்கும் உக்காந்து பாத்திருப்பாரு.

— அய்யா செத்தப்பம் உனக்கு மூணு வயசு.

— அதுக்கென்ன? ஊரே சொல்லுதே. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு, தங்கமான மனுசன்னு.

— பேச மாட்டாரு. அது நெசம்.

— பின்ன என்ன?

— அருவியில அம்மை எந்தத் தோளைக் காட்டிட்டு நிப்பா, தெரியுமா?

— இடது தோளு. களத்துல விழுந்து எலும்பு பெசகுனது. இப்பம் எதுக்கு அது?

— களத்துல விழல.

— பின்ன எங்க?

— அன்னைக்கு நீ கம்பை ஓங்குனதும் அம்மை ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டா. பக்கத்து நாற்காலி தொரசானியே பயந்துட்டா. நான்தான் தாங்கிப் பிடிச்சு வெளிய கூட்டிட்டுப் போனேன்.

— நான் எங்கனயோ நிக்கேன், அவ எங்கனயோ இருக்கா. எதுக்குத் தலையை மூடணும்?

— அய்யா அம்மையை அடிக்கப்பம் கோவமே இருக்காது. சட்டையைக் கழத்தி மடிச்சு வைப்பாரு. இடுப்பு லேசாத் திரும்பும். கம்பு மெதுவா மேல போவும். பல்லைக் கடிக்க மாட்டாரு, மூச்சு வாங்காது. மூஞ்சி அப்படியே உன் மூஞ்சி.

— அக்கா...

— யாரும் சொல்லிக் குடுக்கலன்னியே. நீ வாசப்படியில உக்காந்து அழாமப் பாத்துக்கிட்டே இருப்ப. ஏலே, அந்தா அம்மை வாரா. மூஞ்சியைத் தொடை.

— இந்தா, குடையை நீ வாங்கிக்கோ அக்கா. அம்மை பாக்கதுக்குள்ள.