வத்சன் சொன்ன மோட்டார்

ஏரிக்கரைக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவரும், கொசு மருந்து அடிக்க வராதவர்களைக்கூடக் கனிவாகவே கடிந்துகொள்பவருமான பெருமதிப்பிற்குரிய ஸ்ரீநிவாசராகவன் அவர்களே. இந்தச் சரஸ்வதி பூசை விழாவுக்குப் பந்தலும் சுண்டலும் பதாகையும் தந்து, பதாகையை மட்டும் பந்தலைவிடப் பெரிதாகத் தந்திருக்கும் மழலையர் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் விஷ்ணுப்ரியா அவர்களே. முழங்கால் வலியையும் முழு நிகழ்ச்சியையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே. ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் கைப்பேசியுமாக இருந்தாலும் இரண்டு காதுகளையும் எனக்குத் தந்திருக்கும் தாய்மார்களே. தாய்மார்கள் சொன்னதால் வந்திருக்கும் தந்தையர்களே. நாற்காலி கிடைக்காமல் மதில்மேல் ஏறி, எங்கள் எல்லோரையும்விட உயர்ந்த இடத்தில் வீற்றிருக்கும் தம்பிகளே. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'இரண்டரை வயதில் இமயம் தொடுவது எப்படி'. தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவள். இமயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அங்கே குளிரும் என்பதுதான். எனக்குப் பின்னால் தொங்கும் பதாகை 'நூற்றுக்கு நூறு வெற்றி' என்கிறது. வாழ்த்துகள். ஆனால் எதில் வெற்றி? யாரை வென்று வெற்றி? மூன்று வயதுக்குள் தோற்றுப்போன குழந்தை ஒன்றை எனக்குக் காட்ட முடியுமா? தோற்றவர் இல்லாத களத்தில் வென்றவரை எப்படி எண்ணுவது? விஷ்ணுப்ரியா சிரிக்கிறார். நல்லது. சிரிக்கத் தெரிந்தவர்களோடுதான் இதைப் பேச முடியும்.

நாளை விஜயதசமி. நாளைக் காலை தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை, ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும், எத்தனை வாசல்களில் வாழைமரம்! எத்தனை தட்டுகளில் நெல்! எத்தனை பிஞ்சு விரல்களைப் பிடித்து எத்தனை பெரிய விரல்கள் 'அ' எழுதப்போகின்றன! உங்களில் பலர் பள்ளியை முடிவுசெய்துவிட்டீர்கள். சிலர் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்தவர்களும் செய்யாதவர்களும் ஒரு கதை கேளுங்கள்.

என் அக்காள் மகள் சுப்ரஜா. சிறுசேரியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை. அதாவது, பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடிக்க மாதச் சம்பளம். அவள் கணவர் ஜெயகிருஷ்ணன். அவரும் அங்கேதான், பிறர் பிழை கண்டுபிடிக்கும்படி எழுதுபவர். இவர்கள் மகன் ஸ்ரீவத்சன், வீட்டில் வத்சன். கதையைச் சொல்ல சுப்ரஜாவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை.

வத்சனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் குடியிருப்பில் தினமும் கீழே மோட்டார் போடுவார்கள். மொட்டைமாடித் தொட்டி நிறையும். நிறைந்தால் தண்ணீர் சுவரோரம் கொட்டும். கொட்டினால் நான்கு ஜன்னல்களிலிருந்து, "யாரு மோட்டார் போட்டது? மோட்டாரை நிறுத்துங்க" என்று குரல் வரும். இதைத் தினமும் பார்த்த பிள்ளை தன் நிலைமையையும் யோசித்திருக்கிறான். உள்ளே நிறைகிறது. நிறைந்தால் கொட்டும். கொட்டுமுன் யாரையாவது கூப்பிட வேண்டும். அன்றுமுதல் அவசரம் வந்தால் அவன் சொல்லும் சொல், 'மோட்டார்'. இதைவிடப் பொருத்தமான உவமையை நான் எந்த ஆய்வேட்டிலும் படித்ததில்லை.

மதில்மேலிருந்து நம் ஆட்டோ குப்புராஜ் கேட்கிறார், "இன்னா மேடம், ஒண்ணுக்குப் போறதா மேட்டரு?" ஆம் குப்புராஜ். இமயத்துக்குப் போகும் வழியில் அதற்கும் ஒரு முறை இறங்கியாக வேண்டும்.

சுப்ரஜா பள்ளியைத் தேர்ந்தெடுத்த அழகை என்னென்று சொல்வேன்! குளிர்சாதனம் உண்டா என்று பார்த்தாள். கேமரா உண்டா என்று பார்த்தாள். கேமராவைப் பார்க்க கேமரா உண்டா என்றும் கேட்டிருப்பாள். தரை வழுக்குமா? மேசை முனை குத்துமா? வண்ணத்தில் ஈயம் உண்டா? பிழை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவள், பிழையே இல்லாத ஒரு பள்ளியைக் கண்டுபிடித்தாள். அங்கே ஒரு விதி: வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் மட்டும். "இதுதான் சித்தி வேணும். அப்பதான் பிக்கப் ஆகும்" என்றாள். இரண்டரை வயதுப் பிள்ளையின் தமிழே அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது, அதற்குள் இன்னொன்றா என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

முதல் நாள். வத்சனுக்குத் தொட்டி நிறைந்தது. எழுந்து நின்றான். டீச்சரைப் பார்த்து, "மோட்டார்" என்றான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். மோட்டார் ஆங்கிலச் சொல். அவன் புரியாத சொல் எதையாவது சொல்லியிருந்தால், அந்த டீச்சர், நல்ல பெண், பாவம், யாரையாவது கேட்டிருப்பார். அம்மாவுக்கு போன் செய்திருப்பார். அவன் சொன்னதோ விதிக்கு உட்பட்ட சொல். புரிந்துவிட்டது. புரிந்துவிட்டால் யார் கேட்பார்கள்? டீச்சர் அலமாரியைத் திறந்தார், ஒரு சிவப்புக் கார் பொம்மையை எடுத்தார், அன்போடு அவன் கையில் கொடுத்தார்.

வத்சன் காரைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். மறுபடியும், "மோட்டார்" என்றான். "யெஸ் டார்லிங், மோட்டார் கார்" என்றார் டீச்சர். தொட்டி வழிந்தது. சுற்றியிருந்த பிஞ்சுகள் எல்லாம், "ஷேம் ஷேம்" என்று சேர்ந்திசை பாடின. ஆங்கிலத்தில்தான்.

விஷ்ணுப்ரியா என் காதருகே கேட்கிறார், "மேம், எங்க பிராஞ்சா?" இல்லை. அது வேறு பெயர், வேறு பதாகை. ஆனால் நீங்கள் கேட்டீர்களே, அது எனக்குப் பிடித்தது.

மறுநாளிலிருந்து வத்சன் ஒரு முடிவுக்கு வந்தான். நிறைந்தால்தானே கொட்டும்? நிரப்பாமல் விட்டுவிடலாமே! பள்ளியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான். பாட்டில் போனபடியே திரும்பி வந்தது. கால்சட்டை காய்ந்தபடியே வந்தது. பள்ளியிலிருந்து கைப்பேசியில் நற்செய்தி வந்தது: உங்கள் பிள்ளை கழிவறைப் பழக்கத்தில் முழுத் தேர்ச்சி. அதற்குக் கீழே இன்னொன்று: வாகனத் துறையில் ஆழ்ந்த ஆர்வம் காட்டுகிறான்.

சிரிக்கிறீர்கள். நாங்கள் சிரிக்கவில்லை. பெருமைப்பட்டோம். ஜெயகிருஷ்ணன் எனக்கு போன் செய்து, "மெக்கானிக்கல் சித்தி. எங்கப்பா சைடு" என்றார். சுப்ரஜா, "வாகனமா? வீட்டுல காரைத் தொடக்கூட மாட்டானே" என்றாள். "வீட்டுல ஸ்டிமுலேஷன் இல்ல. அதான் ஸ்கூல் வேணுங்கறது" என்றார் மாப்பிள்ளை. அந்த வாரமே வீட்டுக்கு ஒரு கார் வந்தது. சாவி கொடுத்தால் ஓடும். பையன் அதைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். அதையும் ஆர்வம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு காய்ச்சல். பிறகு வலி, அழுகை. டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "பகல்ல தண்ணி குடிக்கிறானா?" நிறைந்தபடியே வந்த பாட்டில்கள் எல்லாம் அந்த நேரத்தில் சுப்ரஜாவின் கண்முன் வந்து நின்றிருக்கும். தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கி அடக்கித் தொற்று வந்திருக்கிறது என்றார் டாக்டர்.

பள்ளிக்கு நானும் கூடப் போனேன். "வாகன ஆர்வம்னு எழுதியிருந்தீங்களே, என்ன பண்ணுவான்?" என்று கேட்டாள் சுப்ரஜா. டீச்சர் சந்தோஷமாகச் சொன்னார், "எழுந்து எழுந்து மோட்டார் மோட்டார்னுதான் மேம். கார் குடுத்தா வாங்கிக்கிட்டு அழுவான். அவ்ளோ இமோஷனல்."

சுப்ரஜா சண்டை போடவில்லை. வெளியே வந்து, வண்டியைக் கிளப்பாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். "சொல்லியிருக்கான் சித்தி. தினம் தினம் சொல்லியிருக்கான்" என்றாள். அவ்வளவுதான். எத்தனையோ ஆண்டுகள் மேடையேறியிருக்கிறேன், அந்த வாக்கியத்தின் கனம் என் எந்த உரைக்கும் வாய்த்ததில்லை.

பிள்ளையின் காய்ச்சலுக்காக அவள் எடுத்த விடுமுறை அந்த வாரத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை சிறுசேரிக்குப் போக வேண்டும். பிள்ளையை விட இடமில்லை என்றால் வேலையை விட வேண்டும். "விட்டுடறேன் சித்தி" என்றாள். பிடித்து வாங்கிய வேலை, பதவி உயர்வு வாசலில் நிற்கிறது. தாய்மார்களே, இப்படி ஒரு திங்கட்கிழமை உங்களில் எத்தனை பேருக்கு வந்திருக்கிறது? தந்தையர்களே, உங்களில் ஒருவருக்காவது வந்திருக்கிறதா? கைகள் உயரவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

மறுபடி பள்ளி தேடினோம். இம்முறை சுப்ரஜா கேமராவைக் கேட்கவில்லை, குளிர்சாதனத்தைக் கேட்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டாள்: "என் பையனுக்கு ஒண்ணுக்கு வந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முதல் பள்ளியில், "எங்க வாஷ்ரூம் இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்ட் மேம், வாங்க காட்டறேன்" என்றார்கள். காட்டினார்கள். குட்டி யானை வடிவத்தில் குழாய். போய்ச் சேர்ந்தவர்களுக்கு அருமையான இடம். இரண்டாவது பள்ளியில், "அதெல்லாம் ஒரே வாரத்துல டிரெய்ன் பண்ணிடுவோம்" என்றார்கள். யாரை, என்று கேட்க நினைத்தேன்.

மூன்றாவது, பெருங்களத்தூர் சந்து ஒன்றில், வீட்டின் கீழ்த்தளத்தில். சுவரில் வரைந்திருந்தது சிங்கமா நாயா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மின்விசிறி ஓடுவதைவிட அதிகமாகப் பேசியது. நடத்துபவர் ரோஸி மிஸ். கறாரான மனுஷி. நாங்கள் நுழைந்ததும், "செருப்பை அங்கயே விடுங்க" என்றுதான் வரவேற்றார். சுப்ரஜா கேட்டாள். ரோஸி மிஸ் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே திருப்பிக் கேட்டார், "நீங்க சொல்லுங்க. உங்க வூட்ல அதுக்கு இன்னான்னு சொல்லுவான்?"

"மோட்டார்."

ரோஸி மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, மோட்டாரு. தோ, அந்த ஊதா கவுனு டாட்டான்னும். அந்தக் குண்டுப் பையன் ஒண்ணுமே சொல்ல மாட்டான், காதைப் புடிச்சிக்கினு நிப்பான். ஆரு வூட்டுப் புள்ள இன்னா சொல்லும்னு தெரியாம நான் எப்படிம்மா ஸ்கூல் நடத்தறது? நாள் பூரா தரை தொடைக்கவா?" என்றார்.

ஜெயகிருஷ்ணனுக்கு மனம் ஒப்பவில்லை. "ஏசி இல்ல, சித்தி. நாளைக்குப் பெரிய ஸ்கூல் இன்டர்வியூல எங்க படிச்சான்னு கேட்டா என்ன சொல்றது?" என்றார். சுப்ரஜா, "தண்ணி குடிச்சான்னு சொல்லுங்க" என்றாள். பையனை அங்கேயே சேர்த்தோம்.

திங்கட்கிழமை சிறுசேரியில் ஏதோ கூட்டம். எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, சுப்ரஜா மேசைக்கு அடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மதியம் ரோஸி மிஸ்ஸிடமிருந்து ஒரு குரல் பதிவு: "மோட்டாரு ரெண்டு வாட்டி ஓடிச்சு. பாட்டிலு காலி. நாளைக்குப் பெருசா குடுத்து அனுப்புங்க." கூட்டத்தில் இருந்தவர்கள் அவள் கண்ணைப் பார்த்து, வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்தார்களாம்.

அந்தப் பள்ளியில் ஆங்கிலம் நன்றாக வருமா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருபவள் நான். எனக்குத் தெரிந்தது ஒன்றே. நாம் பள்ளி வாசலில் நின்று, என்ன சொல்லித் தருவீர்கள், என்ன சொல்லித் தருவீர்கள் என்று ஓயாமல் கேட்கிறோம். என் பிள்ளை சொல்வதைக் கேட்பீர்களா என்று யாராவது கேட்டோமா? எந்த மொழியில் பேசுவீர்கள் என்று கேட்கிறோம். எந்த மொழியில் காது கொடுப்பீர்கள் என்று கேட்டோமா? இரண்டரை வயதில் ஒரு மனிதனிடம் இருப்பது சில சொற்கள். அவனே செய்த சொற்கள். அவற்றை நம்பித்தான் அவன் நம் கையை விட்டு இன்னொருவர் வீட்டுக்குள் நுழைகிறான். அங்கே அந்தச் சொல் செல்லாது என்றால், அவனிடம் வேறு என்ன இருக்கிறது?

சரி, இப்போது நான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் அதற்கு என்ன சொல்? வெட்கப்படாதீர்கள். மூச்சா. நல்லது. சுச்சு. உச்சா. அங்கே மூலையில் என்ன? 'மழை'யா? அழகு. குப்புராஜ் சொல்கிறார், "எம் பொண்ணு சிக்னல்னும் மேடம், ஆட்டோவுல வந்துகினு கீறப்ப பயமாப் பூடும்." தலைவர் அவர்களும் ஏதோ சொல்கிறார். மைக்கில் சொல்லுங்கள் சார். "என் பேரனுக்குத் தனியா வார்த்தை கிடையாது. தாத்தான்னு ஒரு மாதிரி இழுத்துக் கூப்பிடுவான். அதுதான் அது." பாருங்கள். இந்த ஒரு பந்தலுக்குள் எத்தனை மொழிகள்! நாளை இவை எல்லாம் ஏதோ ஒரு வகுப்பறையில் எழுந்து நின்று, யாரோ ஒருவர் முகத்தைப் பார்க்கப்போகின்றன.

விஷ்ணுப்ரியா சொல்கிறார், "நாளைக்கே எல்லாப் பேரன்ட்ஸ்கிட்டயும் கேட்கச் சொல்றேன் மேம்." நாளைக்கே என்றதை நீங்கள் அனைவரும் கேட்டீர்கள். நன்றி விஷ்ணுப்ரியா.

ஆகவே, நாளைக் காலை நெல்லில் எழுதுவதற்கு முன்னால், வாசலிலேயே நின்று, உங்கள் பிள்ளையின் சொல்லை உரக்கச் சொல்லுங்கள். இவன் இப்படிச் சொன்னால் இதுதான் பொருள், நினைவிருக்குமா என்று கேளுங்கள். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்துவிட்டு அந்தச் சொல்லை ஒரு முறை தாங்களும் சொல்லிப் பார்க்கிறார்கள் என்றால், பிள்ளையை இறக்கிவிடுங்கள். சிரிக்காமல் கையேட்டை நீட்டினால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடங்கள்.

இந்த விஷயத்தை ஒரு மேடையில் பேச இடம் தந்த சங்கத்துக்கும், முகம் சுளிக்காமல் கேட்ட உங்களுக்கும் நன்றி. பெரியவர்களுக்கு என் வணக்கம். தூங்கிவிட்ட சிறியவர்களுக்கு, விழித்ததும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.