முள் நடுவில்தான் நின்றது

மே மாதத்தில் காரை மரத்தடியில் நிறுத்துவது நல்லது. காக்கை எச்சமிடும் என்று சிலர் வெயிலிலேயே விட்டுவிடுகிறார்கள். எச்சத்தைத் துடைத்துவிடலாம், வெயிலில் வெடித்த டாஷ்போர்டை என்ன செய்ய முடியும்? நான் முப்பத்தொரு வருடம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். பெயர் ராயப்பராஜ். எதையும் காரணத்தோடு சொல்லித்தான் எனக்குப் பழக்கம், அதனால் இதையும் அப்படியே எழுதுகிறேன். எழுதச் சொன்னது என் மகள் லிடியா. எங்கள் மாதா கோயிலில் அவள் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது வாசிப்பதற்குள் நான் செய்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். தராவிட்டால் பீடம் வரை அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக எனக்கு அனுமதி இல்லையாம்.

முதலில் பாடம். இஞ்சினைக் காப்பாற்றுவது கூலண்ட் என்ற பச்சைத் தண்ணீர். அது இஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு முன்பக்கம் இருக்கும் ரேடியேட்டருக்கு வந்து, காற்றில் ஆறி, திரும்பப் போகும். நான்குவழிச் சாலையில் எண்பதில் போனால் காற்று தானாக வந்து மோதும். கத்திரி வெயிலாக இருந்தாலும் டாஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். நெரிசலில் ஊர்ந்தால் அந்தக் காற்று கிடையாது, சின்ன ஃபேன் ஒன்றுதான் கதி. ஏசியும் ஓடினால் அதன் சூடும் ரேடியேட்டர் தலையில்தான் விழும். மேட்டில் இரண்டாம் கியரில் ஏறினால் கேட்கவே வேண்டாம். முள் சிவப்பை நெருங்கிவிட்டால் ஒரு வழி உண்டு. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறக்க வேண்டும். ஹீட்டர் என்பது காருக்குள்ளே இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். இஞ்சினின் சூடு அதன் வழியாக ஆட்கள் மேல் வந்துவிடும், இஞ்சின் பிழைத்துக்கொள்ளும். இது முழு உண்மை. எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

இனி விஷயம். லிடியாவும் ஆசிரியைதான். அவளுக்கு விடுமுறை மே மாதத்தில். தவக்காலத்தில் எங்களவர்கள் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார்கள். ஆகவே ஈஸ்டர் பாஸ்கா முடிந்து, பள்ளிக்கூடமும் மூடிய பிறகுதான் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருவார்கள். ஆறு வருடமாக அப்படித்தான். வெயிலை நான் ஏற்பாடு செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வருகிறவர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்தோ ரயில்வே ஸ்டேஷனிலிருந்தோ நானே காரில் போய் அழைத்து வருவேன். பெண்ணைப் பெற்றவன் தானே வந்து நிற்பதைப் பார்த்து எல்லோருக்கும் மனம் குளிர்ந்துவிடும். தரகர் சூசைமுத்து இதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். "சார் மாதிரி ஒரு சம்மந்தி கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்" என்பார். அவர் ஒருமுறைகூட என் காரில் ஏறியதில்லை.

எங்கள் வீடு நத்தம் சாலையில். நேராக வந்தால் கால் மணி நேரம். நான் நேராக வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணிக் கடைகள் இருக்கிற தெருவாகப் பார்த்து நுழைவேன். பார்சலுக்கு நிற்கிற பைக்குகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டே டாஷ்போர்டைப் பார்த்து உச்சுக் கொட்டுவேன். "இஞ்சின் சூடு ஏறுது. பெரிய மனசு பண்ணி செத்த நேரம் பொறுத்துக்கங்க" என்று சொல்லி ஏசியை அணைத்து ஹீட்டரைத் திறப்பேன். காரணத்தையும் விளக்குவேன். படித்தவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள்.

முதலில் வந்தவர் தூத்துக்குடிப் பக்கம், வங்கி உத்தியோகம். அவருடைய அம்மாவின் பவுடர் கழுத்து வரை வழிந்துவிட்டது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவர்கள் லிடியாவைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள், சகுனம் பார்க்கக்கூடாது. ஆனாலும் அந்த அம்மாள் படியிறங்கும்போது "ஆரம்பமே சரியில்ல" என்றார். ஒரு வாரம் கழித்து வேறு இடம் முடிவாகிவிட்டதாகத் தகவல் வந்தது. நிலக்கோட்டைக்காரர் ஒருவர் வந்தார், பூ வியாபாரம். லிடியாவுக்காகப் பத்து முழம் மல்லிகை கொண்டு வந்திருந்தார். வீடு வந்து சேர்ந்தபோது அது வெந்த கீரையாகியிருந்தது. அதை யாரிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் அந்த மனிதர் மடியிலேயே வைத்துக்கொண்டு காப்பி குடித்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

நாலாவது ஆள் பற்றி விவரமாக எழுத வேண்டும் என்று லிடியா சொல்லியிருக்கிறாள். ஜெரின் என்று பெயர், திருச்சி. அவனோடு அவள் இரண்டு மாதம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒருநாள் பேச்சு சுவாரசியத்தில் என் ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் அதை அப்படியே குடித்துவிட்டேன். அவன் தன் அம்மாவோடு வந்த அன்று ஊருக்குள் சுற்றியது போதாது என்று தோன்றியது. சிறுமலை அடிவாரம் வரை கூட்டிப்போய், ஊர் அழகைக் காட்டுவதாகச் சொல்லி, ஹீட்டரைத் திறந்தபடியே மேட்டில் இரண்டாம் கியரில் ஏற்றி இறக்கினேன். அந்த அம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது எனக்குத் தெரியும். லிடியாதான் சொல்லியிருந்தாள், பலகாரத்தில் உப்புக் குறைவாக இருக்க வேண்டுமென்று. மயங்கி விழுந்த அவரை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பையன் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. லிடியா மூன்று நாள் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் சமைத்துப் போட்டாள்.

ஆறாவதாக, இந்த மே மாதம் வந்தவர் பிரான்சிஸ். செம்பட்டி, வயது முப்பத்தைந்து. சொந்தத் தொழில் என்று மட்டும் சூசைமுத்து சொன்னார். என்ன தொழில் என்று நான் கேட்கவில்லை, தேவைப்படாது என்று நினைத்தேன். பஸ்ஸை விட்டு அக்கா பிரிஸ்கில்லாவோடு இறங்கினார். அக்காவைப் பின்னால் ஏற்றிவிட்டு அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மற்ற மாப்பிள்ளைகள் எல்லோரும் பின்னால்தான் உட்கார்ந்தார்கள்.

வழக்கமான தெருவில் நுழைந்தேன், உச்சுக் கொட்டினேன், ஹீட்டரைத் திறந்தேன். பிரான்சிஸ் லேசாக என் பக்கம் சாய்ந்து டாஷ்போர்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நல்ல காரியம் பண்ணுனீங்க மாமா. ஹீட்டரப் போட்டாத்தான் இஞ்சின் பொழைக்கும். நாலுல வைங்க" என்று சொல்லி அவரே புளோயரை நாலுக்குத் திருகினார்.

பின்னாலிருந்து அக்கா சத்தம் போட்டார். "ஏலே, என்னலே இது? இட்லிச் சட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு."

"நீ எறங்கி ஆட்டோவுல வாக்கா. நானும் மாமாவும் கார ஆத்திட்டு வாரோம்."

அக்கா இறங்கிக்கொண்டார். பிரான்சிஸ் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றச் சொன்னார். வெளியே அனல் காற்றாம், உள்ளே வந்தால் எனக்கு ஆகாதாம். பிறகு சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கோ செருகினார். அவர் போனில் இஞ்சினின் சூட்டைச் சொல்லும் ஒரு எண் வந்தது. அதை எனக்குத் தெரிகிற மாதிரி முன்னால் சாய்த்து வைத்தார்.

"தொண்ணூத்தொண்ணு டிகிரி. கல்லு மாதிரி நிக்குது. இது ஏறவே ஏறாது மாமா. கார அம்புட்டு நல்லா வச்சிருக்கீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"செம்பட்டியில கார் ஏசி ஒர்க் ஷாப்பு நம்மளுதுதான். தகரக் கொட்டாய். மே மாசம் உள்ள நின்னு பாருங்க, இதெல்லாம் ஊட்டி."

அவர் ஹீட்டரை நிறுத்தவில்லை. "நீங்களா நிறுத்துனா சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். நிறுத்தினால் இஞ்சின் சூடாகவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவன் ஒரு மெக்கானிக்கிடம் அப்படித் தோற்க முடியாது. நான் நிறுத்தவில்லை. பிரியாணிக் கடை நெரிசலில் இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஸ்டியரிங் வழுக்கியது. அவர் நடுவில் ஒருமுறை சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு என் கட்டில்தான் ஞாபகம். என்னை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஒருவர் படியேறி வந்ததைத்தான் லிடியா முதலில் பார்த்திருக்கிறாள். பட்டுப் புடவையோடு எனக்கு விசிறிக்கொண்டே அவர் யார் என்று கேட்டிருக்கிறாள். "மாப்பிள்ளைங்க" என்றாராம். அவள் சிரித்துவிட்டாள் என்று பிரிஸ்கில்லா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பன் மயக்கமாகக் கிடக்கும்போது சிரிக்கிற பெண்ணை நான் வளர்த்திருக்கிறேன்.

பிரான்சிஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காருக்கு ஒன்றும் இல்லை, தொண்ணூற்றொரு டிகிரிதான், மாமாதான் ஹீட்டர் வேண்டுமென்று ஆசைப்பட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். லிடியா என் பேண்ட் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காரைக் கிளப்பி, சிவப்பையே தொடாத அந்த முள்ளைப் பார்த்தபடி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தவள் ஒரே கேள்விதான் கேட்டாள். "ஜெரின் அம்மா வந்த அன்னைக்கும் முள்ளு இப்பிடித்தான் நின்னுச்சாப்பா?"

நின்றது. ஐந்து பேர் வந்தபோதும் நடுவில்தான் நின்றது. இஞ்சின் ஒருநாளும் சூடாகவில்லை. ஆறு வருடத்தில் ஐந்து கல்யாணத்தை நான் வேண்டுமென்றேதான் கெடுத்தேன். இருபத்தாறில் கேட்டு வந்த பெண்ணுக்கு இப்போது முப்பத்திரண்டு முடிகிறது. அவளுக்கும் பிரான்சிஸுக்கும் முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று, "தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் அறிவிக்கவும்" என்ற இடத்தில் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோயிலில் முன்னூறு பேர் இருக்க, என்னை மட்டும் பார்த்தாள்.

போதுமான அளவு ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். காரணத்தையும் எழுத வேண்டும் அல்லவா? அவள் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஒரே காரணம்தான். அவள் அம்மா ஆனந்தமேரி தவறிப்போன பிறகு அவளுக்கு என்னை விட்டால் யார்? ஒரு மணி நேரச் சூட்டைத் தாங்காதவன் ஒரு பெண்ணை எப்படிக் காலம் முழுக்கத் தாங்குவான்? என் வசதிக்காகத் தடுத்தேன் என்று பிரிஸ்கில்லா சொல்லித் திரிவதாகக் கேள்வி. காலையில் ஐந்தரைக்குக் காப்பி, ஏழரைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மதியத்துக்குத் தொட்டுக்கொள்ள ஒரு வெஞ்சனம் போதும் என்றாலும் இரண்டு, ராத்திரிக்கு முழங்காலுக்குத் தைலம், ஞாயிறு பூசைக்குத் தேய்த்த வெள்ளைச் சட்டை. இதையெல்லாம் நான் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து இவ்வளவும் எழுதி முடித்திருக்கிறேன். அடுப்படியில் வெளிச்சம் தெரிகிறது, அவள் போனில் யாரோடோ பேசிச் சிரிப்பது கேட்கிறது. மணி ஆறாகப் போகிறது. காப்பி இன்னும் வரவில்லை. அடுத்தவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது நினைக்கும் குணம் இந்தப் பெண்ணுக்கு ஏன் வராமல் போனது என்றுதான் எனக்குப் புரியவில்லை.