எடை பாக்குறதுக்கு முந்தின நாள்

— அந்த பாட்டில அப்படிக்கா தள்ளி வைடீ. என்னால பாக்க முடியல.

— எச்சில்தானே அண்ணி.

— எச்சில்தானேவா? முக்கா லிட்டர் இருக்கு. காலையிலேருந்து சூயிங் கம்மை மென்னு மென்னு துப்பி ரொப்பி வெச்சிருக்காரு உங்கண்ணன். நேத்து பாப்பா இதே மாதிரி ஒண்ணை ஜூஸுன்னு நெனச்சு மூடியத் தெறந்துட்டா. பாய்ஞ்சு போய் புடுங்குனேன்.

— ஐயய்யே!

— நாள் பூரா லேப்ல ஊரான் மூத்திரத்தையும் சளியையும் டப்பா டப்பாவா வாங்கி அடுக்குறவ நான். அங்க ஒரு நாள் கூட எனக்குக் குமட்டுனதில்ல. சொந்த வீட்டு சமையல் மேடையில நின்னா குமட்டுது. கருமம்.

— நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எடை பாத்துட்டா இந்தக் கூத்து முடிஞ்சுது அண்ணி. எழுபது கிலோ காட்டணும், அவ்ளோதான். அதுவரைக்கும் உடம்புல இருக்குற தண்ணிய எப்படியாவது வெளிய தள்ளணும். எல்லா பாக்ஸரும் செய்றதுதான். அண்ணனோட மோதப்போற அந்தச் சம்மட்டி கூட இப்ப எங்கயாவது ஒக்காந்து துப்பிக்கிட்டுதான் இருப்பான்.

— அவனுக்கு இருபத்திரெண்டு வயசு, துப்பட்டும். இவருக்கு முப்பத்தொன்பது. பாத்ரூம்ல சுடுதண்ணிக் குழாயத் தெறந்து விட்டு, கதவச் சாத்திக்கிட்டு, பிளாஸ்டிக் கோட்டு ஒண்ணை மாட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காரு. நாப்பது நிமிஷம் ஆச்சு. அவிச்சு எடுக்குறதுக்கு அவரு என்ன கிழங்கா?

— சிரிக்க வைக்காதீங்க அண்ணி.

— நான் சிரிக்கவா சொன்னேன்? போய்க் கதவத் தட்டு. உசுரோட இருக்காரான்னு கேளு.

— அண்ணா! ஏண்ணா! இருக்கியா?

— உம்.

— இருக்காரு அண்ணி.

— அந்த ஒரு ‘உம்’முக்கே எச்சில் வீணாயிடும்னு யோசிச்சிருப்பாரு. இங்க வா. பக்கத்துல ஒக்காரு. குழாய்ச் சத்தத்துல அவருக்குக் கேக்காது. உன்ன எதுக்கு வரச் சொன்னேன்னு தெரியுமா?

— பாப்பாவப் பாத்துக்கத்தானே?

— பாப்பா எதிர்வீட்டுல நல்லாத்தான் விளையாடிக்கிட்டு இருக்கா. நீ போன்ல ஒரு பக்கம் வெச்சிருக்கியே, எல்லாச் சண்டைக்கும் முன்னாடி யாரு ஜெயிப்பா, எத்தனாவது ரவுண்டுல ஜெயிப்பான்னு எழுதுவியே. தெருநாய் ரெண்டு மொறச்சுக்கிட்டாக் கூட எழுதுவ. இந்தச் சண்டைக்கு மட்டும் ஏன் ஒரு வரி கூட எழுதல?

— அது... வேலை இருந்துச்சு அண்ணி.

— பொய் சொல்லாத. உனக்கு மூக்கு செவக்குது.

— எழுதினா உண்மைய எழுதணும்ல.

— எனக்குச் சொல்லு அந்த உண்மைய.

— அடிக்கக் கூடாது.

— சொல்லுடீ.

— பத்துல ஒண்ணு. அண்ணனுக்கு.

— அந்த ஒண்ணு, கூடப் பொறந்தவன்னு சேத்ததா?

— ...ஆமா.

— அப்ப சைபர்னு சொல்லு. எதுக்கு இழுக்குற?

— ஏன்னு சொல்றேன் கேளுங்க. சம்மட்டி இதுவரைக்கும் பதினோரு சண்டை போட்டிருக்கான். அதுல ஒம்பது பேரு கடைசி வரைக்கும் நிக்கல. பதினொண்ணையும் நான் பாத்திருக்கேன், வீடியோவ மெதுவா ஓட விட்டு ஓட விட்டுப் பாத்திருக்கேன். அவன் கையால அடிக்கல அண்ணி, அடி பாதத்துலேருந்து கெளம்புது! குதிகால் திரும்புது, இடுப்பு திரும்புது, தோள் திரும்புது, கடைசியா போனாப் போகுதுன்னு கை வருது. எட்டாவது சண்டையில விலாவுல ஒண்ணு வெச்சான் பாருங்க, மேல் வரிசை வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. அந்தாளு ஒரு செகண்டு சும்மா நின்னாரு, ஒண்ணுமே நடக்காத மாதிரி. அப்புறம்தான் உடம்புக்குத் தகவலே போச்சு. அப்படியே குடை மடங்குற மாதிரி—

— உன் கண்ணு மின்னுது.

— என்னது?

— நாம உங்கண்ணன் விலாவப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம். உனக்குக் கண்ணு மின்னுது. ச்சை.

— சாரி அண்ணி. வாய்க்கு வந்துடுச்சு.

— வயித்துலேருந்து வந்துச்சு. சரி, இவரப் பத்திச் சொல்லு. மறைக்காம சொல்லு.

— அண்ணன் அடி வர்றத இன்னும் பாக்குறாரு. அது போகல. இருபது வருஷ அனுபவம், எங்க போகும்? ஆனா பாத்து, சரி தலைய நகத்தலாம்னு முடிவு பண்ணி, தலை நகர்றதுக்குள்ள அடி வந்து நாற்காலி போட்டு ஒக்காந்துடுது. கால் சுத்தமா செத்துப் போச்சு. போன சண்டையில மணி அடிச்சதும் எதிராளி மூலைக்கு நடந்து போயி, அவனோட ஸ்டூல்ல ஒக்காரப் பாத்தாரு. கூட்டமே சிரிச்சுது.

— நீயும் சிரிச்சியா?

— நான் கீழ குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டிக்கிட்டேன். நான் அன்னிக்குப் போட்டிருந்தது செருப்பு.

— நேத்து சாயங்காலம் என்ன நடந்துச்சு தெரியுமா? பாப்பா ஸ்கூல்லேருந்து வந்துட்டாளான்னு கேட்டாரு. வந்துட்டான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் அதையே கேட்டாரு. மூணாவது தடவ கேக்குறப்ப பாப்பா அவரு மடியில ஒக்காந்திருக்கா.

— அண்ணி...

— அவ நிமிர்ந்து பாத்துட்டு, ‘அப்பா வெளாட்டு காட்டுறாரு’ன்னு சிரிச்சா. நானும் சேந்து சிரிச்சேன். அந்தச் சிரிப்ப நெனச்சா எனக்கு இப்பவும் வாயி கசக்குது.

— டாக்டர் பாத்துக் கையெழுத்துப் போட்டாருல்ல?

— பாத்தாரு. கண்ணுல டார்ச் அடிச்சாரு, இது எத்தன வெரல்னு கேட்டாரு. இவரு ரெண்டுன்னாரு. சபாஷ்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. கூடவே இவரோட ஒரு போட்டோவும் எடுத்துக்கிட்டாரு. எங்க லேப்ல சர்க்கரை டெஸ்டுக்கு வர்றவனைக் கூட இன்னும் கொஞ்சம் நேரம் ஒக்கார வெச்சுப் பாப்போம்.

— எல்லாம் சண்டைய நடத்துற அந்த ப்ரமோட்டர் ஏற்பாடுதான். போஸ்டரப் பாத்தீங்களா? அண்ணன் படம் எட்டு வருஷத்துக்கு முந்தினது. தலை நெறைய முடி! சாம்பியனா இருந்தப்ப எடுத்தது.

— அந்தாளு வீட்டுக்கே வந்தானே, பெரிய பழக்கூடையத் தூக்கிக்கிட்டு. பட்டினி கெடக்குற மனுஷனுக்குப் பழக்கூடை! ஷூவோட உள்ள வந்து ஒக்காந்துக்கிட்டு, ‘உங்க வீட்டுக்காரர் பேருக்கு இன்னும் மவுசு இருக்கும்மா’ன்னான். பேருக்குத்தானாம். ஆளுக்குன்னு சொல்லல பாரு.

— அவங்களுக்குப் பேருதான் அண்ணி வேணும். சம்மட்டி இதுவரைக்கும் அடிச்சவனெல்லாம் ஊர் பேர் தெரியாதவன். ஒரு பழைய சாம்பியன அடிச்சான்னு எழுதிக்கிட்டாத்தான் பெரிய எடத்துக்குப் போக முடியும். அண்ணன் ஒரு படிக்கட்டு. ஏறுறவன் படியக் கேட்டுட்டா மிதிக்கிறான்?

— தெரிஞ்சேதான் ரெண்டு கையாலயும் ஒப்பந்தத்த வாங்குனாரு. நான் வேண்டாம்னேன். ‘உனக்கு இதப்பத்தி என்ன தெரியும்’னுட்டாரு. ஆமா, எனக்கு ரத்தம் எந்த டியூப்ல போகணும்னுதான் தெரியும், எதுக்குப் போகணும்னு தெரியாது.

— அழுறீங்களா?

— அழல. வெங்காயம் கூட நறுக்காத வீட்டுல எதுக்கு அழுவாங்க? ஒண்ணு சொல்றேன், கத்தாத.

— என்ன?

— நாளைக்கு அவரு எடையில தேற மாட்டாரு.

— எப்படிச் சொல்றீங்க? மத்தியானம் உள்ளேருந்து எழுபத்தொண்ணுன்னு அவரே குரல் குடுத்தாரே. இன்னும் ஒரு கிலோதான். இப்ப ஒக்காந்து வேர்க்குறதுல பாதிக்கு மேல போயிடும், மிச்சம் தூங்கி எந்திரிச்சா போயிடும்.

— அந்த மெஷின் பொய் சொல்லுது. பத்து நாளைக்கு முன்னாடி அதுக்கு அடியில மெத்துன்னு ஒரு ரப்பர் மேட் வாங்கிப் போட்டேன். வழுக்கும்னு சொல்லிப் போட்டேன். முள்ளு வெச்ச பழைய மெஷின் அது. மெத்துன்னு இருக்குற எடத்துல வெச்சா ஒன்றரை கிலோ கம்மியாக் காட்டும். நானே ஏறிப் பாத்துட்டுத்தான் போட்டேன். எடை பாக்குற எதையும் கெட்டியான தரையில வைன்னு லேப்ல மொத வாரமே சொல்லிக் குடுத்துடுவாங்க.

— அப்ப நிஜ எடை...

— எழுபத்திரெண்டரை. இங்க எழுபதுன்னு காட்டுறப்ப நிஜம் எழுபத்தொன்றரை. நாளைக்கு அவங்க மெஷின்ல ஏறுவாரு, முள்ளு தாண்டும், சண்டை இல்லன்னு சொல்லிடுவாங்க. நாலு நாள் ஊரு ஏசும். அஞ்சாம் நாள் மறந்துடும். என் புருஷன் என் வீட்டுல இருப்பாரு. திருட்டு வேலைதான். எனக்கு வேற வழி தெரியல.

— அண்ணி, அண்ணி, ஐயோ! சண்டை நிக்காது!

— கத்தாதன்னேன்ல.

— எடை தாண்டினா ரெண்டு மணி நேரம் அவகாசம் குடுப்பாங்க. அதுக்குள்ள இறக்கிட்டு மறுபடியும் ஏறலாம். டிக்கெட் அத்தனையும் வித்துட்ட ப்ரமோட்டர் சும்மா விடுவானா? ரெண்டு போர்வையச் சுத்தி, கார்ல ஒக்கார வெச்சு, கண்ணாடிய ஏத்திட்டு ஹீட்டரப் போடுவான். ஒன்றரை கிலோ! ரெண்டே மணி நேரத்துல! ஏற்கனவே வத்திப்போன உடம்பு அண்ணி. மண்டைக்குள்ள இருக்குற தண்ணிதானே மூளைக்கு மெத்தை, அதுவும் வத்திடும். மறுநாள் சாயங்காலம் அந்த மண்டையோட சம்மட்டி முன்னாடி போய் நின்னா—

— நிறுத்து.

— ஒரு குத்து போதும்—

— நிறுத்துடீ! எனக்கா தெரியாது? மண்டையில ரத்தம் கட்டி வர்றவங்களோட டியூபெல்லாம் என் கையிலதான் வருது.

— அதனாலதான் சொல்றேன் அண்ணி.

— அப்ப நானே... காப்பாத்துறேன் காப்பாத்துறேன்னு நானே அவர... என் கைய வெட்டிப் போடணும். அந்த ப்ரமோட்டர் மூஞ்சி குமட்டுச்சு, பாட்டில் குமட்டுச்சு, இப்ப என் மூஞ்சியே குமட்டுது.

— தண்ணி குடிங்க அண்ணி.

— அவரு குடிக்காம கெடக்குறப்ப நான் எப்படிக் குடிப்பேன்?

— சரி, கேளுங்க. ஒரே வழிதான் இருக்கு. அண்ணனே வாயத் தெறந்து ‘எனக்கு இந்தச் சண்டை வேண்டாம்’னு சொல்லணும். நாளைக்குப் பத்து மணிக்கு முன்னாடி.

— நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீ சொன்னா கேப்பாரு. அவரு ஊர்ல யாரு பேச்ச நம்பலன்னாலும் உன் பேச்ச நம்புவாரு. நீ எழுதுறத எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு, தெரியுமா உனக்கு?

— சொல்றேன்.

— சுத்தி வளைக்கக் கூடாது. அவன் எவ்ளோ அழகா அடிக்கிறான்னு ஆரம்பிக்கக் கூடாது.

— மாட்டேன். சத்தியமா. ‘உனக்குச் சான்ஸே இல்லண்ணா, விட்டுடு’ன்னு நேரா மூஞ்சியப் பாத்துச் சொல்றேன்.

— அவரு எதிர்த்துப் பேசினா?

— இன்னொரு தடவ சொல்றேன்.

— உஷ். குழாய் நின்னுடுச்சு.

— என்ன, ரெண்டு பேரும் கதவுக்குக் காவலா?

— ஏங்க, மெதுவா. செவுத்தப் புடிச்சுக்குங்க. ஐயோ, கையப் பாரு, வெந்து போன மாதிரி... ஒதடெல்லாம் வெடிச்சிருக்கு. ஒரு வாய் தண்ணியாவது—

— வேண்டாம். எழுபது! கரெக்டா எழுபது. முள்ளு நட்டநடுவுல நிக்குது.

— ஏங்க... அது வந்து... அந்த மேட்டு...

— வெறும் தரையில வெச்சுத்தான் பாத்தேன். நீ போட்ட அன்னிக்கே அதைச் சுருட்டி ஓரமா வெச்சுட்டேன். ஏறிப் பாத்துட்டுத் திரும்ப விரிச்சு வெச்சுடுவேன். இருபது வருஷமா மெஷின் மேல ஏறி எறங்குறவன்கிட்டயா உன் வேலையக் காட்டுற?

— பத்து நாளா தெரியுமா? ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

— கேட்டா நீ அழுவ. நீ அழுதா நானும் அழுவேன். அழுதா அம்பது கிராம் எறங்கும்தான், இருந்தாலும் வேண்டாம்னு விட்டுட்டேன்.

— வெளாடாதீங்க. இவ உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம். சொல்லுடீ.

— அண்ணா...

— வாலு, நானே உன்கிட்ட கேக்கணும்னுதான் இருந்தேன். ஜிம்ல எல்லாரும் ‘நல்லா வருவீங்கண்ணே’ங்கிறான். ஒருத்தன் கூட என் கண்ணப் பாத்துச் சொல்லல. நீ பொய் சொன்னா மூக்கு காட்டிக் குடுத்துடும். சம்மட்டியோட பதினோரு சண்டையையும் முழுசாப் பாத்தவ நீதான். எனக்கு ஜெயிக்க ஏதாவது எடம் இருக்கா?

— அண்ணா, நான் நேரா சொல்லிடுறேன்.

— சொல்லு.

— நீ வந்து... உனக்கு...

— சொல்லுடீ!

— உனக்கு... அண்ணா, அவன் இடது கைய நீட்டிக் குத்திட்டுத் திரும்ப எடுக்குறப்ப, மொகத்துக்குக் கொண்டு வர மாட்டேங்கிறான்! இடுப்புக்கு எறக்குறான். அரை செகண்டு. பதினொண்ணுலயும் எறக்குறான், வேற எவனும் கவனிக்கல, நான் எங்கயும் எழுதவும் இல்ல. அந்த அரை செகண்டுல உன் வலது கை மட்டும் மேலால போயி எறங்குச்சுன்னா... ஒண்ணு போதும்ண்ணா, ஒரே ஒண்ணு! யோசிச்சுப் பாரேன், நடக்காதுன்னு யாரால சொல்ல முடியும்? நீ என்ன நெனைக்கிற?