பச்சையாகவே இருந்த திரை

எனக்குக் கோழிகளைப் பிடிக்கும், வித்யா மேடம். விசாரணை அதிகாரியான உங்களிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு வருடம் அவற்றின் குரல்களையே கேட்டுக்கொண்டிருந்தவள் நான். முட்டையிட இடம் தேடும் முனகல் வேறு, பயத்தில் கத்துவது வேறு. அத்தனையையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்தேன். கோழிகள் துன்பப்பட்டால் திரை சிவப்பாகும். ஜூரோங்கில் உள்ள எங்கள் அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள்.

லிம் சூ காங் பகுதியில் ஒரு முட்டைப் பண்ணையில் அதைப் பொருத்தினோம். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சுரேந்தர் மறுநாளே போன் செய்தார்.

"சுதாக்கா, மெஷின் ரிப்பேரு போல. எந்நேரமும் ரெட்டாவே இருக்கு."

மெஷினில் குறையில்லை. இறக்கை விரிக்க இடமில்லாத கூண்டில் அவை எந்நேரமும் அப்படித்தான் கத்தின. அதைச் சொன்னால் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும். எவ்வளவு கத்தினால் சிவப்பாகும் என்ற எச்சரிக்கை அளவைக் கொஞ்சம் உயர்த்தினேன். மறுபடியும் சிவப்பு. ஐந்தாம் முறை உயர்த்தியதும் பச்சையானது. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரு மத்தியானம் கொட்டகையின் காற்றோட்ட விசிறிகள் நின்றன. நோய் புகுந்துவிடும் என்று அங்கே கதவுகளைத் திறக்க மாட்டார்கள். திரை சிவப்பானால் மட்டும் திறக்கலாம்.

"அக்கா, கோழியெல்லாம் வாயப் பொளந்துகிட்டு கத்துது. மேனேஜர் போன் எடுக்கல. கதவத் தெறந்துடவா?"

போனில் அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. அதன் அர்த்தம் இந்த ஊரில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. திறக்கச் சொன்னால், திரை ஏன் பச்சையாக இருந்தது என்று கேட்பார்கள்.

"பச்சையாத்தானே இருக்கு சுரேந்தர். டெக்னீஷியன் வரட்டும், வெயிட் பண்ணுங்க லா."

அவர் என்னை நம்பிக் காத்திருந்தார். பதினோராயிரம் கோழிகள் செத்தன.

அன்று மாலையே அளவைப் பழையபடி இறக்கி, மத்தியானம் திரை சிவப்பாக இருந்ததாகப் பதிவையும் மாற்றிவிட்டேன். சிவப்பைப் பார்த்தும் கதவைத் திறக்கவில்லை என்று சுரேந்தரின் வேலை அனுமதியை ரத்து செய்தார்கள். "அக்காதான் வெயிட் பண்ணச் சொன்னாங்க" என்றாராம். என்னிடம் கேட்டார்கள். அப்படி ஓர் அழைப்பு நினைவில்லை என்றேன்.

குற்ற உணர்ச்சி இல்லாமலில்லை மேடம். சோறு இறங்கவில்லை. தேக்கா சந்தைக்குப் போனாலும் முட்டைக் கடைப் பக்கம் திரும்புவதில்லை. சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட நாளிலிருந்து சுரேந்தர் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். எனக்கு ரொம்ப இளகிய மனசு. அழுகிற குரல் கேட்டால் தாங்காது.