பவானிபூர் பஸ்

மாலை ஐந்தரை மணி. நடுராத்திரி இல்லை. ஆனால் கல்கத்தாவில் ஜனவரி மாதம் ஐந்தரைக்கே இருட்டிவிடும். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து... ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கும் பங்களாவின் மதில், மறுபக்கம் மரங்கள். கரியடுப்புப் புகையும் பனியும் கலந்து, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்தச் சந்தில் கோமதி தன் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

என் சிநேகிதி ரோஹிணிக்குப் பெரியம்மா அவள். 2003-இல் நடந்தது இது. அவளே பிற்பாடு ரோஹிணியிடம் சொன்னது.

கணவர் பட்டாபிராமன், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. மறதி நோய் பிடித்து நாலு வருடம். பகலில் சாது. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் கம்பிக் கேட்டைப் பிடித்து உலுக்குவார்.

"ஆத்துக்குப் போகணும் மாமி. கோமதி தனியா இருப்பா."

மாமி என்றது கோமதியைத்தான். அவர் தேடுகிற கோமதி வேறு... பவானிபூரில் ஒற்றை அறையில் அவரோடு குடித்தனம் வைத்த, இருபத்திரண்டு வயதுக் கோமதி. முதலில் இவள், "நான்தான்னா கோமதி" என்று அழுது பார்த்தாள். அவர் இன்னும் மிரண்டுபோய்க் கத்தினார்.

மறதி நோய்க்காரர்களுக்கான ஒரு மையத்திலிருந்து அனுராதா என்ற பெண் வாரம் ஒரு தடவை வருவாள். "தூக்க மாத்திரை வேண்டாம் மாமி, தள்ளாடி விழுந்துடுவார். எதிர்த்தும் பேசாதீங்கோ. போகணும்னா நீங்களும் கூடக் கிளம்புங்கோ. கொஞ்சம் நடந்தா மனசு அடங்கிடும்" என்றாள். பழைய பாட்டுப் போடுவது, துண்டு மடிக்கக் கொடுப்பது, உள்ளங்கையில் எண்ணெய் தேய்ப்பது... எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். பகலுக்கு அவை போதும். சாயங்காலத்துக்கு இந்த நடை.

சந்தின் முனையில் ஒரு பழைய பஸ் நிறுத்தம். பவானிபூர் போகிற மினி பஸ்ஸை வேறு வழியில் விட்டு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. சிமெண்டு பெஞ்சு மட்டும் மிச்சம். இருவரும் அதில் உட்காருவார்கள். கால் மணி கழித்து, "இன்னிக்கு பஸ் வராது போலிருக்கு. காபி குடிச்சுட்டு அப்புறம் போலாமா?" என்பாள். சரியென்று எழுந்து வருவார். ஒரு வருடமாக, ஒரு நாள் தவறாமல்.

அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"பஸ் வருமா மாமி?"

"வரும்."

"கோமதி காத்துண்டிருப்பா."

அவளுக்குப் பொறுமை அற்றுப்போயிற்று. "வந்தா ஏறிப் போயிடுங்கோ. என்னால ஆகலை. அவளே பாத்துக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்... ஒரு நிமிஷம்தான் இருக்கும்.

டப். டப்.

தகரத்தில் உள்ளங்கை அறைகிற சத்தம். வண்டியை எடுக்கச் சொல்லி கண்டக்டர் தட்டுவாரே, அது. டீசல் புகை மூக்கில் ஏறியது. கண் திறந்தாள்... பக்கத்தில் அவர் இல்லை. என்ஜின் சத்தமும் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏன்னா! ஏன்னா!" என்று சந்து முழுக்க ஓடினாள். பனிதான் இருந்தது. யாருக்காவது போன் செய்யலாம் என்று மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள். கேட்டில் அவள் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. சாவி அவள் இடுப்பில்.

உள்ளே விளக்கு எரிந்தது.

கம்பிகளுக்கு நடுவே பார்த்தாள். கூடத்து நாற்காலியில் அவர். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். கையில் டம்ளர்... ஆவி பறந்தது.

அவளைப் பார்த்தவர், சமையலறைப் பக்கம் திரும்பினார். "கோமதி, வாசல்ல யாரோ மாமி நிக்கறா பாரு."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"தெரியும். பாவம், ரொம்பக் களைச்சுப் போயிருக்கா."

இளம் குரல். ஆனால் அவளுடைய சொந்தக் குரல்.

பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பு மட்டும் சுட்டது.

அதற்குப் பிறகு அவர் கேட்டை உலுக்கவே இல்லை. அனுராதாவுக்குப் பரம சந்தோஷம். "பாத்தேளா மாமி, மாத்திரையே இல்லாம அடங்கிட்டார்!"

நடந்ததைக் கோமதி சொன்னால் யார் நம்புவார்கள்? ஐந்தரை ஆனால் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். கூடத்தில் அவர் யாருடனோ மெல்லப் பேசுவது கேட்கும். நடுநடுவே சிரிப்பார். முதல் வாரம் போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இரண்டாவது வாரம்... தூங்கிப்போனாள். நாலு வருடத்தில் அப்படி ஒரு தூக்கம் அவளுக்கு வாய்த்ததே இல்லை.

ஒரு நாள் விழித்து வந்து பார்த்தாள். யாரோ அவருக்குத் தலை வாரி விட்டிருந்தார்கள். வகிடு எடுத்து, படியப் படிய. சீப்பு ஜன்னலோரம் கிடந்தது. அதில் ஒரு முடி சுற்றியிருந்தது. முழ நீளம். எண்ணெய் மினுக்கோடு, கன்னங்கரேலென்று.

கோமதிக்குத் தலை நரைத்துப் பதினைந்து வருடம்.

முடியை எடுத்து வெளியே போட்டாள். சீப்பைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். பிறகு, மறுநாளைக்கு எடுக்க வசதியாக... அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.